கொப்பியை எரிக்க வேண்டாம், தங்கச்சி

கேள்வி: கொக்கட்டிச்சோலைப் பக்கம் எட்டு வருடமாகச் சின்னதாக ஒரு கொமினிகேசன் வைத்திருக்கிறேன். போட்டோகொப்பி, ரீலோட், லெமினேட், ஒன்லைன் படிவம் எல்லாம் செய்வேன். ஸ்மார்ட் போன் இல்லாத ஆட்களுக்கு நானே ஈமெயில் திறந்து, என்னுடைய நம்பரையே கொடுத்து, பாஸ்வேர்டை ஒரு சி.ஆர். கொப்பியில் எழுதி வைப்பேன். முந்நூறு பேருக்கு மேல் அதில் இருக்கிறார்கள். போன மாதம் எனக்கு மாமி முறையான ஒருவர் கையில் போனோடு ஓடி வந்தார். அரசின் அஸ்வெசும உதவித்தொகையில் நிலுவைக் காசு போடப் போவதாக ஒருவன் லைனில் நின்றான். மெசேஜில் வந்த இலக்கத்தை வாசிக்கச் சொன்னான். மெசேஜ் இங்கிலீசில். மாமி தமிழ்தான் எழுத்துக் கூட்டி வாசிப்பார், தன் பெயர் எழுதுவார். நான்தான் ஆறு இலக்கத்தையும் வாசித்துச் சொன்னேன். மறுகா பார்த்தால் கணக்கில் இருந்த 42,000 ரூபாயைக் காணோம். நானும் கூட்டு என்று மாமியின் மகன் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறான், பொலிசுக்கும் போவானாம். என்னைப் பிடிப்பார்களா? கொப்பியை எரித்துவிடவா? சென்னையில் இருக்கும் என் தம்பி, ‘இங்கே ஆதார் மாதிரி அங்கேயும் விரல் வைக்கிற அட்டை வரட்டும், பாஸ்வேர்ட் தொல்லையே இராது’ என்கிறான். உண்மையா? இன்னொன்று: ஒரு அண்ணன், ஒரு உத்தியோகத்தரைத் தாக்கி பேஸ்புக்கில் என் கையால் எழுதிப் போடச் சொல்லிக் கரைச்சல் தருகிறார். செய்யலாமா?
– ஒரு வாசகி, படுவான்கரை

அன்பின் தங்கச்சிக்கு,

முதலில் கொப்பி. அதை எரிக்காதீர்கள். பொலிசுக்குப் போவேன் என்று ஒருவர் சொல்லித் திரியும் நேரத்தில் அடுப்பில் கொப்பி எரிந்தது தெரிந்தால், நீங்கள் செய்யாத குற்றத்துக்கு நீங்களே சாட்சி சொன்ன மாதிரி ஆகிவிடும். கொப்பியில் மாமியின் வரியில் அவருடைய வங்கிக் கணக்கு இலக்கமோ கார்ட் இலக்கமோ இல்லை என்றால், அந்தக் கொப்பிதான் உங்களுக்காகப் பேசப்போகும் முதல் சாட்சி. ஒரு பக்கம்கூடக் கிழிக்காமல் பூட்டி வையுங்கள். அதை என்ன செய்வதென்று பிறகு சொல்கிறேன்.

பிடிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். ஏமாற்றும் எண்ணமோ, அந்தக் காசில் பங்கோ இல்லாமல், நம்பி ஒரு இலக்கத்தை வாசித்துக் காட்டியவரை மோசடிக்காரராக்குவது சட்டத்தில் எளிதல்ல. ஆனால் விசாரிப்பார்கள், கூப்பிடுவார்கள். கூப்பிடும்வரை வீட்டில் இருக்க வேண்டாம். நீங்களே போங்கள், முடிந்தால் மாமியையும் கூட்டிக்கொண்டு போங்கள். மாமியின் போனில் அந்த அழைப்பு வந்த நம்பரும் நேரமும் இருக்கும், அந்த மெசேஜும் இருக்கும். இரண்டையும் அழிக்க விடாமல் படம் எடுத்து வையுங்கள். அன்று கடையில் நின்றவர்கள் யார் யார் என்று இப்போதே எழுதுங்கள், இன்னும் இரண்டு மாதத்தில் உங்களுக்கே மறந்துவிடும். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்துக் காட்டிய பிறகு, ‘இலக்கத்தை வாசித்தேன்’ என்பது ‘இலக்கத்தைக் கொடுத்தேன்’ என்று மாறியிருந்தால் திருத்திவிட்டுத்தான் கையெழுத்துப் போடுங்கள். முறைப்பாட்டு இலக்கத்தைக் கேட்டு வாங்குங்கள், வங்கி அதைக் கேட்கும்.

வங்கி விசயத்தில் நீங்கள் எல்லோரும் பிழை விட்டிருக்கிறீர்கள். ஒரு மாதம் ஊரில் சண்டை பிடித்தீர்களே தவிர, வங்கிக்கு ஒருவரும் எழுத்தில் எதுவும் கொடுத்ததாகத் தெரியவில்லை. இப்படிப் போன காசு பெரும்பாலும் உள்நாட்டில் இன்னொரு கணக்குக்குத்தான் முதலில் போகும். அதே மணித்தியாலத்தில் வங்கிக்கு அழைத்திருந்தால் அந்தக் கணக்கை முடக்க ஒரு வழி இருந்திருக்கும். இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சொல்கிறேன்: காசு போனால் முதல் அழைப்பு மகனுக்கோ பொலிசுக்கோ வேண்டாம், வங்கிக்கு எடுங்கள். மாமிக்கு இப்போதும் வழி அடைபட்டுவிடவில்லை. முதலில் வங்கிக்கு எழுத்தில் முறைப்பாடு. பதில் இல்லை அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், மத்திய வங்கியின் நிதியியல் நுகர்வோர் தொடர்புகள் பிரிவு, தொலைபேசி 1935. காசு முழுதாகத் திரும்பும் என்று நான் வாக்குத் தர மாட்டேன். இலக்கத்தை வாசித்தது உங்கள் பக்கம் என்று வங்கி சொல்லும். அதற்கு நம்மிடம் உள்ள பதில் ஒன்றுதான்: தமிழ் மட்டும் தெரிந்த ஒரு வாடிக்கையாளருக்கு, அவரால் வாசிக்க முடியாத மொழியில் அந்த மெசேஜ் போயிருக்கிறது. அந்தப் பதிலைக் கடிதத்தின் முதல் பந்தியிலேயே வைக்க வேண்டும்.

இனி அந்தக் கொப்பி. எண்பது பக்கக் கொப்பிதானே என்று நினைப்பீர்கள். ஒரு வரியை எடுத்துப் பாருங்கள். பழைய அடையாள அட்டை இலக்கம் 65இல் தொடங்கி, அடுத்த மூன்று இலக்கம் 523 என்றால், அது 1965இல் பிறந்த ஒரு பெண். பெண்களுக்கு 500 கூட்டுவார்கள். மிச்சம் 23, ஆகவே ஜனவரி 23. பன்னிரண்டு இலக்கப் புதிய அட்டையிலும் இதே கணக்குத்தான், ஆண்டை மட்டும் நாலு இலக்கத்தில் எழுதுவார்கள். அதாவது அந்த இலக்கத்தைப் பார்த்தவனுக்குப் பிறந்த தேதியும் ஆணா பெண்ணா என்பதும் தெரியும். நம் ஆட்களின் பாஸ்வேர்ட் பாதி பிறந்த தேதி, மீதி பேரப்பிள்ளையின் பெயர். பக்கத்திலேயே போன் நம்பர், ஈமெயில், யாருக்கு அஸ்வெசும வருகிறது, யாருடைய வீட்டை யானை உடைத்து நட்டஈட்டுக்கு எழுதினார், யார் மகளைக் குவைத்துக்கு அனுப்பப் படிவம் நிரப்பினார் என்று எல்லாம் ஒரே இடத்தில். மாமியை அழைத்த அந்தப் பொடியனிடம் இந்தக் கொப்பி கிடைத்திருந்தால், ‘நிலுவை’ என்று பொதுவாகப் பொய் சொல்லத் தேவையே இருந்திராது. பெயர் சொல்லிக் கூப்பிட்டிருப்பான்.

அதைவிடப் பெரிய ஆபத்து நீங்கள் ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போன விசயத்தில் இருக்கிறது. முந்நூறு ஈமெயிலுக்கும் உங்களுடைய நம்பர். பாஸ்வேர்ட் மறந்தால் புதிதாக மாற்றும் குறியீடு உங்கள் போனுக்கு வரும். ஒருநாள் அந்தப் போன் பஸ்சில் தவறினால் முந்நூறு வீட்டுத் திறப்பும் சேர்ந்து தவறும். உங்களுக்குக் கலியாணமாகி வேறு ஊருக்குப் போய் அந்த சிம்மைப் பாவிக்காமல் விட்டால், அந்த நம்பர் நாளைக்கு முன்பின் தெரியாத ஒருவருக்குப் போகலாம்.

உங்களைக் குறை சொல்லும் தகுதி எனக்கு இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 2022இல் எரிபொருளுக்குக் கியூஆர் எடுக்க நாடே ஓடியபோது நானும் டவுனில் ஒரு கடையில் அடையாள அட்டை இலக்கம், வாகன இலக்கம், போனுக்கு வந்த ஒருமுறைக் குறியீடான ஓடிபி எல்லாவற்றையும் கொடுத்து, லெமினேட் பண்ணிக்கொண்டு சந்தோசமாக வந்தேன். பத்து நாள் கழித்துப் போனால், ‘இப்படித்தான் செய்து தருவோம்’ என்று அந்தக் கடைக் கண்ணாடியில் மாதிரிக்கு ஒட்டியிருந்தது என்னுடைய கியூஆர்! யாராவது படம் எடுத்துப் போய் என் பங்குப் பெற்றோலை அடித்திருந்தால் நான் யாரிடம் போய்ச் சொல்வது? பத்து வருடமாகச் சட்டம் படித்துக் கொடுத்தவனுடைய கதை இது.

உங்கள் கடையை நினைக்கும்போது எனக்கு வாவியைக் கடக்கும் பழைய பாதைப் படகுதான் நினைவுக்கு வருகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை பாதையில் ஏறித்தானே எழுவான்கரைக்குப் போனோம். பாதைக்காரர் ஏற்றுவார், இறக்குவார். பயணியின் பையைத் தன் வீட்டில் வைத்துக்கொள்ள மாட்டார். நீங்கள் முந்நூறு பையை வீட்டில் வைத்திருக்கிறீர்கள். நல்ல மனதோடுதான் வைத்தீர்கள், ஆனால் வைத்திருக்கிறீர்கள்.

ஆகவே விசாரணை முடிந்ததும், அதுவரை காத்திருக்க முடியாவிட்டால் கொப்பியைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து ஒரு சட்டத்தரணியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆட்களைக் கூப்பிடுங்கள். ஒரு நாளைக்குப் பத்துப் பேர் போதும். ஒவ்வொருவருக்கும் புதுப் பாஸ்வேர்ட் போட்டு, அதை ஒரு துண்டில் எழுதி அவர் கையில் கொடுங்கள். சாமிப் படத்துக்குப் பின்னால் வைக்கட்டும், அரிசிப் பானைக்குள் வைக்கட்டும். கடதாசியில் எழுதவே கூடாது என்று கணினி படித்த பிள்ளைகள் சொல்வார்கள். கொழும்பில் இருந்து அழைக்கும் கள்ளன் மண்டூரில் உள்ள அரிசிப் பானைக்குள் கை விட முடியாது என்பதால், எங்கள் ஆட்களுக்கு நான் கடதாசியைத்தான் சொல்வேன். உங்கள் நம்பரை எடுத்துவிட்டு அவருடையதையோ, கூட இருக்கும் மகளுடையதையோ கொடுங்கள். சிம்மே கட்டாரில் இருக்கும் மகன் பெயரில் என்றால், அந்த ஆளைக் கூட்டிப்போய் முதலில் அதை அவருடைய பெயருக்கு மாற்ற வழி கேளுங்கள். மாற்றி முடிந்தவரின் வரியைக் கறுப்பு மையால் அடித்து, பக்கத்தில் அவருடைய கையெழுத்தை வாங்குங்கள்.

இதில் சட்டமும் இருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அனுமதியின்றி நுழைவதைக் குற்றமாக்குகிறது. படிவம் நிரப்பத் தந்த பாஸ்வேர்டை இன்னொரு நாள் ஆளுக்குத் தெரியாமல், அவருக்கு உதவியாகவே போட்டுத் திறந்தாலும், அந்த அனுமதி அன்றோடு முடிந்துவிட்டது என்று ஒருவர் வாதாடலாம். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. அதன் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வர இருந்து, கடைசி நேரத்தில் பிற்போடப்பட்டன. வீட்டுத் தேவைக்கு வைத்திருக்கும் விபரங்களை அது தொடாது. காசு வாங்கிச் செய்யும் கடை வீடு அல்ல. அந்தச் சட்டம் எப்போது முழுதாக வந்தாலும், அன்று உங்களிடம் கொப்பி இருக்கக் கூடாது.

உங்கள் தம்பி சொன்னதற்கு வருகிறேன். இந்திய அரசின் நிதி உதவியோடு இங்கேயும் டிஜிட்டல் அடையாளத் திட்டம் தயாராகிக்கொண்டிருப்பதால் அவர் சொல்வதைத் தட்டிவிட முடியாது. ஆதாரால் அங்கே நன்மை பல உண்டு. ஆனால் கடைக்காரரின் கொப்பி மறைந்துவிடும் என்று நினைக்கிறாரே, அங்கேதான் எனக்குச் சந்தேகம். 2018 ஜனவரியில் சண்டிகரில் இருந்து வரும் ‘த ட்ரிபியூன்’ நாளிதழின் நிருபர் 500 ரூபாய் கொடுத்தார். சில நிமிடத்தில் அவருக்கு ஒரு நுழைவுப் பெயரும் பாஸ்வேர்டும் வந்தன. எந்த ஆதார் இலக்கத்தை அடித்தாலும் பெயர், விலாசம், படம், போன் நம்பர் எல்லாம் திரையில் விழுந்தன. கிராமங்களில் ஆதார் வேலைக்காக அமர்த்தப்பட்டிருந்த சேவை மையக்காரர்களின் வழியாகத்தான் இந்த ஓட்டை விழுந்தது என்று அந்த நாளிதழ் எழுதியது. அவர்கள் யார்? உங்களைப் போலச் சின்னக் கடையில் கணினி வைத்திருப்பவர்கள்தான். விரல் அடையாளங்கள் வெளியே போகவில்லை என்று ஆதார் ஆணையகம் சொன்னது. சொன்னதோடு நிற்காமல், அந்த நிருபரின் பெயரையும் சேர்த்துப் பொலிசில் முறைப்பாடு செய்தது. ஓட்டையைக் காட்டியவர்மேல் வழக்கு! இது எங்களுக்கும் பழக்கமான கதைதான்.

விரல் கதை இன்னும் மோசம். ஆதார் இலக்கமும் விரலும் இருந்தால் கிராமத்துக் கடையிலேயே வங்கிக் காசை எடுக்கும் வசதி அங்கே உண்டு, ஓடிபி கேட்பதில்லை. காணிப் பதிவு இணையத்தளங்களில் ஏற்றியிருந்த உறுதிகளில் ஆட்களின் பெருவிரல் அடையாளம் இருந்தது. மோசடிக்காரர் அதை இறக்கி, சிலிக்கனில் விரல் வார்த்து, அந்த விரலை இயந்திரத்தில் வைத்துக் காசு எடுத்தார்கள். 2023இல் மேற்கு வங்கத்திலும் வேறு மாநிலங்களிலும் இப்படி நிறையப் பேர் பறிகொடுத்தார்கள். மாமிக்காவது நாளைக்குப் புதுப் பாஸ்வேர்ட் போட்டுக் கொடுப்பீர்கள். புது விரலுக்கு எங்கே போவீர்கள்? உங்கள் மாமி வயலில் களை பிடுங்கிய கையை ஒருமுறை திருப்பிப் பாருங்கள். அந்த ரேகையை எந்த இயந்திரம் வாசிக்கும்? மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரலை இயந்திரம் ஏற்காமல், அரிசி வாங்காமலே திரும்பிய முதியவர்கள் ஜார்க்கண்டிலும் ராஜஸ்தானிலும் உண்டு.

ஆனாலும் தம்பியின் நாட்டிடம் நாம் படிக்க ஒன்று இருக்கிறது. அங்கே சனங்கள் கோட்டுக்குப் போனார்கள். ஆதாரை எதிர்த்து 2012இல் வழக்குப் போட்ட கே.எஸ். புட்டசுவாமி ஓய்வுபெற்ற நீதிபதி, அப்போது அவருக்கு வயது 86. அந்த வழக்கில்தான் 2017 ஓகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒரே குரலில் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். அடுத்த ஆண்டு ஆதார் சட்டம் செல்லும் என்றே பெரும்பான்மைத் தீர்ப்பு வந்தது, ஆனால் தனியார் கம்பனிகள் ஆதாரைக் கேட்க இடம் கொடுத்த பிரிவு விழுந்தது. 2019இல் கோழிக்கோட்டுப் பக்கம் கல்லூரி விடுதியில் மாலை ஆறு முதல் பத்து மணிவரை போன் பாவிக்கத் தடை போட்டபோது, பஹீமா ஷிரின் என்ற மாணவி கேரள உயர் நீதிமன்றத்துக்குப் போனார். இணையத்தைப் பாவிக்கும் உரிமை கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று தீர்ப்பு வாங்கினார். எல்லாவற்றிலும் என் மனதில் நிற்பது 2025 ஏப்ரல் 30 தீர்ப்பு. அசிட் வீச்சில் கண்ணிமை சிதைந்தவர்களிடம், வங்கிக் கணக்குத் திறக்கக் கெமராவுக்கு முன்னால் கண் சிமிட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். சிமிட்ட இமை இல்லை. டிஜிட்டல் வசதிகளை எட்டும் உரிமை வாழும் உரிமையோடு சேர்ந்தது, இப்படிப்பட்டவர்களுக்கு வேறு வழி கொடுத்தே ஆக வேண்டும் என்று இந்திய உச்ச நீதிமன்றம் இருபது கட்டளைகள் போட்டது.

‘வேறு வழி’ என்ற அந்த இரண்டு சொல்தான் மாமிக்கும் வேண்டும். ஸ்மார்ட் போன் இல்லாதவர், இங்கிலீசு தெரியாதவர், ரேகை தேய்ந்தவர் கடதாசியில் தமிழில் எழுதிக் கொடுத்தால் அதை வாங்கும் மேசை ஒன்று ஒவ்வொரு அலுவலகத்திலும் இருக்க வேண்டும். அது இல்லாத இடத்தில்தான் உங்கள் கொப்பி பிறந்தது. நம் அரசியலமைப்பில் தனியுரிமை ஒரு தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. ஆனால் அரசோடு தமிழில் எழுதவும் தமிழிலேயே பதில் பெறவும் 22ஆம் உறுப்புரையில் உரிமை இருக்கிறது. அது படிவத்தோடு நின்று, திரைக்கு வராமல் போக எந்தக் காரணமும் இல்லை.

நீங்கள் செய்யக்கூடிய ஒரு வேலை உண்டு, செலவில்லாத வேலை. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் உங்கள் பிரதேச செயலகத்தின் தகவல் உத்தியோகத்தருக்கு எழுதுங்கள். கோபத்தைக் கொட்டாமல் மூன்று கேள்வி மட்டும் கேளுங்கள்: எந்தெந்தச் சேவைக்கு ஒன்லைன் தவிர வேறு வழியில்லை? கடதாசி விண்ணப்பம் ஏற்கப்படும் சேவைகள் எவை? ஒன்லைன் படிவம் நிரப்ப முடியாதவருக்கு உதவ அலுவலகத்தில் யார் பொறுப்பு? பதினான்கு வேலை நாளுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். எழுத முடியாத மாமி வாயால் சொன்னாலும், உத்தியோகத்தர் அதை எழுத்தில் எடுக்க வேண்டும் என்பது அதே சட்டம். வரும் பதிலைப் போட்டோகொப்பி எடுத்துக் கடைச் சுவரில் ஒட்டுங்கள். பாதிப் பேர் உங்களிடம் பாஸ்வேர்ட் தரவே தேவையில்லை என்று அன்று தெரியவரும்.

பேஸ்புக் அண்ணனுக்கு முடியாது என்று சொல்லுங்கள். 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டத்தில் சிலவகைப் பொய்க் கூற்றுகளுக்கு ஐந்து வருடம்வரை சிறை இருக்கிறது. எது பொய் என்று ஜனாதிபதி நியமிக்கும் ஐவர் கொண்ட ஆணைக்குழு பார்க்கலாம் என்பது எனக்குத் துளியும் பிடிக்காத ஏற்பாடு. இந்தியாவில் 2012இல் ஒரு பெண் எழுதிய பதிவுக்கு ‘லைக்’ போட்ட தோழியையும் சேர்த்தே பிடித்தார்கள். அதன் பிறகுதான் ஷ்ரேயா சிங்கால் என்ற இளம் பெண் வழக்குப் போட்டு, 2015இல் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு விழுந்தது. அண்ணனுக்கு உண்மையான முறைப்பாடு இருந்தால் உத்தியோகத்தரின் மேலதிகாரிக்கும் மட்டக்களப்பில் உள்ள மனித உரிமைகள் ஆணைக்குழுக் கிளைக்கும் எழுதட்டும், அந்தக் கடிதத்தை நீங்கள் தட்டச்சு செய்து கொடுக்கலாம். பேஸ்புக்தான் வேண்டும் என்றால் தன் போனில், தன் விரலால் அழுத்தட்டும்.

கடையை மூடிவிடலாமா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதத்தின் தொனியில் அது இருந்தது. மூட வேண்டாம். நீங்கள் மூடினால் மாமி பஸ் ஏறி டவுனுக்குப் போய், பெயர் தெரியாத ஒருவரிடம் இதே போனை நீட்டுவார். மேசையை மட்டும் கொஞ்சம் திருப்பிப் போடுங்கள், வருபவருக்குத் திரை தெரிய வேண்டும், பாஸ்வேர்டை அவரே அழுத்த வேண்டும், எவ்வளவு நேரம் எடுத்தாலும் சரி. யாராவது லைனில் காத்திருக்கும் போனோடு உள்ளே வந்தால், முதல் வேலையாக அந்த அழைப்பைத் துண்டியுங்கள்.

வங்கிக்கான கடிதத்தைத் தமிழில் எழுதி உங்கள் விலாசத்துக்குத் தபாலில் போட்டிருக்கிறேன். மகன் இருக்கும்போதே மாமிக்கு அதை முழுதாக வாசித்துக் காட்டுங்கள், மகனுடைய கோபமும் அதில் பாதி இறங்கும். கீழே இரண்டு கோடு விட்டிருக்கிறேன். பெருவிரலில் மை தடவ வேண்டாம். பெயர் எழுதுவார் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள், எழுதட்டும்.